பெட்டிக்குள் இருந்த சீட்டு





கணினி விளையாட்டுக்கென்று விற்கப்படும் ஒரு விசைப்பலகையைப் பற்றி இங்கே எழுதலாமா என்று நாங்கள் இருவரும் சில நாள்கள் யோசித்தோம். தொழுகை, நோன்பு, பிள்ளை வளர்ப்பு, ஹலாலான சம்பாத்தியம் என்று நல்ல செய்திகளைப் படிக்க வருகிறவர்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ஆயினும் அந்தப் பலகையின் வழியாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது ஒரு சாட்சியப் பிரச்சினை. இன்று கைப்பேசி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அது நுழையக்கூடும். அதனால் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே இதை எழுதுகிறோம்.

நாங்கள் திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூருக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் எனப் பெரிய தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரி பாகம் செய்துதரும் சிறு கூடங்களும் நிறைந்த ஊர் இது. நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் தமிழும் உருதும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தண்ணீர்க் குழாயடியில் கேட்கும். எங்களில் ஒருவர் சிப்காட்டில் சுருள்வில் செய்யும் சிறு கூடமொன்றில் தரப் பரிசோதனை செய்கிறார். மற்றவர் வீட்டிலிருந்தபடியே தமிழ்த் தட்டச்சு செய்து கொடுக்கிறார். மூத்த மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுக்குக் கீழே ஒரு மகள்.

சென்ற பெருநாளில் உறவினர்கள் கொடுத்த காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கேமிங் கீபோர்டு ஒன்று வேண்டும் என்று மகன் கேட்டான். 'கேமிங்' என்ற சொல்லைக் கேட்டவுடனேயே எங்களுக்கு முகம் சுருங்கியது. வீண் விரயம் செய்வோரைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை அவனுக்கு நினைவூட்டினோம். அவனோ, நிரல் எழுதவும் அதுதான் வசதி, அம்மாவின் தட்டச்சுக்கும் உதவும் என்றான். வீட்டிலிருந்த பழைய பலகையில் எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தது உண்மைதான். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடக் கூடாது, ஃபஜ்ருக்கு எழுந்தாக வேண்டும் என்ற நிபந்தனைகளோடு சம்மதித்தோம். 1,299 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினான்.

பெட்டியைப் பிரித்த அன்று வீடே கூடி நின்றது. ஏழு நிறத்திலும் விளக்கு எரிந்தது. மகள் கைதட்டினாள். பெட்டியின் மேல் 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. உள்ளே ஒரு சிறு சீட்டும் இருந்திருக்கிறது. அதை நாங்கள் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மாலை, பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு விசைப்பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய மகள் டேலி படித்துவிட்டு, ஒரு மொத்த மளிகைக் கடைக்கு வீட்டிலிருந்தே பில் பதிந்து கொடுக்கிறாள். அவர் கையில் இருந்ததும் எங்கள் மகன் வாங்கிய அதே பலகைதான்.

"பாய், தம்பி நல்லாருக்குன்னு சொன்னான்னுதான் வாங்கினோம். ரெண்டு மாசம் தாங்கல. அவனைத் திட்டாதீங்க. இதை எங்க குடுத்து சரி பண்றதுன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார்.

பூஜ்ய விசை சில நேரம் அழுத்தினாலும் பதிவதில்லையாம். 2,400 என்று அடித்தது 240 என்று விழுந்து, அது கவனிக்கப்படாமலே கடைக்குப் போயிருக்கிறது. கடைக்காரர் அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். இன்னொரு முறை நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டாராம். அவர்களுக்கு அந்தப் பலகையின் விலை இரண்டு நாள் கூலிக்கும் மேல்.

அவர் போனபின் மகனை அழைத்தோம். கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு தன் மேசை இழுப்பறையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து வந்து நீட்டினான். ஐந்து நட்சத்திரம் இட்டு, அதன் படத்தை இந்த எண்ணுக்கு அனுப்பினால் 150 ரூபாய் திருப்பித் தரப்படும் என்று அதில் இருந்தது. பலகை வந்த அன்று இரவே ஐந்து நட்சத்திரமும் 'அருமையான மெக்கானிக்கல் கீபோர்டு' என்ற வரியும் எழுதிவிட்டான். பணமும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்டபோது, எழுதியதையே வாயாலும் சொல்லியிருக்கிறான்.

"அத்தா, நான் பொய் சொல்லல. அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தப் பதில் எங்களைத் தடுமாற வைத்தது. பொய் என்று தெரிந்து அவன் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லியிருக்கிறான். திட்டுவதற்கு வாய் வந்தாலும், அதற்கு முன் அந்தப் பலகை உண்மையில் என்னவென்று பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். தொழிற்கூடத்தில் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளையும் சோதித்த பிறகே கிடங்குக்குள் விடுகிறோம். அதே முறையில் சாப்பாட்டு மேசையில் இரண்டு பலகைகளையும் வைத்தோம்.

முதலில் விசை மூடி ஒன்றைக் கழற்றினோம். உண்மையான மெக்கானிக்கல் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே சுருள்வில்லும் உலோகத் தொடுமுனையும் கொண்ட தனித்தனி சுவிட்ச் இருக்க வேண்டும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச்தான் இதற்கு முன்மாதிரி. காப்புரிமைக் காலம் முடிந்தபின் பல நிறுவனங்கள் அதே வடிவில் செய்கின்றன. எங்கள் பலகையிலோ மூடிக்குக் கீழே ஒரு ரப்பர் குமிழ்தான் இருந்தது. எந்த அலுவலகத்திலும் கிடக்கும் சாதாரண பலகையின் அமைப்பு அது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் மேலே விளக்கும் பெட்டியில் வேறு பெயரும் போட்டு விற்றிருந்தார்கள்.

அடுத்து எடை பார்த்தோம். கூடத்தில் சுருள்வில்லை இவ்வளவு அழுத்தினால் இவ்வளவு எதிர்ப்பு என்று அளக்கக் கருவி உண்டு. வீட்டில் அது இல்லை. 2011-ஆம் ஆண்டு வடிவமைப்பில் வந்த பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.71 கிராம். விசையின் மேல் சிறு அழிப்பான் துண்டை வைத்து, அதன்மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கினோம். சரியாமலிருக்கக் காகிதக் குழல் ஒன்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது மகளின் வேலை. எத்தனையாவது நாணயத்தில் திரையில் எழுத்து விழுகிறது என்று மகன் எழுதினான். ஒரு விசை எட்டில் விழுந்தது, இன்னொன்று ஒன்பதில். அதிகம் பயன்பட்ட சில விசைகள் ஏழிலேயே அமிழ்ந்தன, ஆனால் எழுத்து வரவில்லை. விரலால் மேலும் அழுத்த வேண்டியிருந்தது. துல்லியமான அளவு என்று இதைச் சொல்ல மாட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். ரப்பர் தளர்ந்துவிட்டால் விசை கீழே போனதாக விரலுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பூஜ்யத்துக்கு நேர்ந்தது இதுதான்.

மூன்றாவது சோதனை மகனுக்கே தெரிந்திருந்தது. இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்துகள் 26-ஐயும் வரிசையாக அடித்தான். சில எழுத்துகள் திரைக்கு வரவே இல்லை. விசைகளுக்கெல்லாம் தனித்தனிக் கம்பி இல்லை. கட்டம் போட்ட தாளைப்போல வரிசையும் நிரலுமாக இணைத்திருப்பார்கள். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகள் ஒன்றாக அழுந்தினால், மின்சாரம் சுற்றிவந்து நான்காம் மூலையும் அழுந்தியதாகக் காட்டிவிடும். அதைத் தவிர்க்க, மலிவான பலகைகள் மூன்றாம் விசையையே ஏற்க மறுத்துவிடும். நல்ல பலகையில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைத்து இதைத் தீர்த்திருப்பார்கள். பல விசைகளை ஒருங்கே அழுத்தி விளையாடுவோருக்கு இது முக்கியம். 'கேமிங்' என்ற பெயருக்கு உரிய அந்த ஒரு தகுதியே எங்கள் பலகையில் இல்லை.

பெட்டியில் எழுதியிருந்த மற்றவற்றையும் பார்த்தோம். கணினிக்கு நொடிக்கு 125 முறை தகவல் அனுப்பும் பலகையில் அதிகபட்சத் தாமதம் 8 மில்லிநொடி. 1,000 முறை அனுப்பினால் 1 மில்லிநொடி. கண் பார்த்து விரல் அசையவே மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். வீட்டில் விளையாடும் பிள்ளைக்கு அந்த ஏழு மில்லிநொடிக்காகக் கூடுதல் விலை தர வேண்டிய அவசியமில்லை. விளக்குகள் அழகுக்கு மட்டுமே. எழுத்து விழுவதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

எல்லாம் முடிந்தபோது இரவு பத்து மணி ஆகியிருந்தது. மேசையில் நாணயங்கள், கழற்றிய மூடிகள், நடுவில் அந்த 150 ரூபாய்ச் சீட்டு. யாரும் திட்டவில்லை. மகனே, "இதையெல்லாம் பார்க்காம எழுதிட்டேன்" என்றான்.

மறுநாள் மஃரிபுக்குப் பின் தந்தையும் மகனும் பள்ளிவாசல் இமாமிடம் சென்று நடந்ததைச் சொன்னார்கள். நாங்கள் ஆலிம்கள் அல்லர். அவர் சொன்னதை எங்கள் சொற்களில் தருகிறோம். மதீனாவின் சந்தையில் தானியக் குவியலொன்றில் நபி (ஸல்) அவர்கள் கையை உள்ளே விட்டபோது ஈரம் தட்டுப்பட்டதையும், நனைந்ததை மேலே தெரியும்படி வைக்காமல் மறைத்த வணிகரை அவர்கள் கண்டித்ததையும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதை எப்போதும் விற்பவருக்கான பாடமாகவே கேட்கிறோம். "குவியலின் மேல்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் காய்ந்ததுதான் என்று நாலு பேரிடம் சொல்கிறவன் யார்?" என்று இமாம் மகனிடம் கேட்டார். பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லும்போது சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து அமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்ததையும் நினைவூட்டினார். சாட்சி சொல்பவன் தான் கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும். காணாததைக் கண்டதுபோலச் சொல்வதும், அதற்கு விலை வாங்குவதும் அந்த எச்சரிக்கைக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்தும் என்றார். "நீ பார்த்தது ஒரு நாள். சொன்னதோ அதன் ஆயுள் முழுவதையும் பற்றி."

நாட்டின் நடைமுறையும் இதையேதான் சொல்கிறது. இணைய மதிப்புரைகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநெறியை வெளியிட்டது. காசு கொடுத்துப் பெறும் மதிப்புரைகளை வெளியிடக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. சட்டம் பார்க்காத இடத்தில் பெட்டிக்குள் சீட்டு வந்துகொண்டுதான் இருக்கும். அதை என்ன செய்வது என்பது பெட்டியைத் திறக்கும் கையைப் பொறுத்தது.

பக்கத்து வீட்டுக்குப் போகத்தான் மகனுக்கு அதிகத் துணிவு தேவைப்பட்டது. தன் சேமிப்பில் மீதமிருந்ததை எடுத்துக்கொண்டான். நாங்கள் வாசலிலேயே நின்றுகொண்டோம். சீட்டைக் காட்டி, காசு வாங்கிக்கொண்டு எழுதியதை அவனே சொன்னான். பலகையின் விலை முழுவதையும் தந்துவிடுவதாகவும் சொன்னான். அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த நூத்தம்பதை மட்டும் குடு தம்பி. அது உன்கிட்ட இருந்தா உனக்கே உறுத்தும். மத்தது வேணாம்" என்றார். நாங்கள் எவ்வளவு வற்புறுத்தியும் கேட்கவில்லை. இமாம் ஒரு மணி நேரம் சொன்னதை அந்த மனிதர் ஒரு நொடியில் மகனின் மனத்தில் பதித்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், நல்ல அண்டை வீட்டார் ஒரு நிஃமத்.

அந்தப் பிள்ளையின் வேலைக்கு வழி செய்ய வேண்டியது எங்கள் பொறுப்பாயிற்று. சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிப் பத்திரம் எழுதும் நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக டிவிஎஸ் கோல்டு விசைப்பலகையையே வைத்திருக்கிறார். ரயில் முன்பதிவு முகப்பிலும், கடைகளின் பில் மேசையிலும் 'டக் டக்' என்று ஒலிப்பதை நாம் எல்லாரும் கேட்டிருப்போம், அதுதான். விளக்கு இல்லை, 'கேமிங்' என்ற பெயரும் இல்லை. ஆனால் மூடிக்குக் கீழே செர்ரியின் நீல சுவிட்ச். எங்கள் மகன் தேடிய மெக்கானிக்கல் பலகை, பத்திர எழுத்தர் மேசையில் தேநீர்க் கறையோடு கிடந்தது! அவரிடம் கூடுதலாக இருந்த ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கி அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தோம். அவள் பகலில்தான் வேலை செய்கிறாள். ஒலி யாருக்கும் தொல்லையில்லை. பூஜ்யம் இப்போது ஒழுங்காக விழுகிறது. மளிகைக் கடை வேலையும் நிலைத்தது.

எங்களுக்கு மகனும் தாயும் மாறி மாறிப் பயன்படுத்த ஒன்று தேவைப்பட்டது. மகன் சில வாரம் காசு சேர்த்தான். மீதியை நாங்கள் போட்டோம். இந்த முறை கண்ணால் பார்த்தே வாங்குவதென்று அத்திப்பள்ளி வழியாகப் பேருந்து ஏறி, பெங்களூரு எஸ்.பி. சாலைக்குப் போனோம். நாணயங்களும் அழிப்பான் துண்டும் மகனின் சட்டைப்பையில் இருந்தன. கடைக்காரர் சிரித்தார், ஆனாலும் காட்சிக்கு வைத்திருந்த பலகையில் சோதிக்க அனுமதித்தார்.

நீலம், பழுப்பு, சிவப்பு என்று சுவிட்சுகளில் வகை உண்டு. நீலத்தில் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் சொடுக்கும் ஒலி கேட்கும். பழுப்பில் ஒலியின்றி விரலுக்கு மட்டும் சிறு தடை தெரியும். சிவப்பு தடையின்றி நேராக இறங்கும்; செர்ரியின் அளவுப்படி ஏறத்தாழ 45 கிராம் அழுத்தத்தில், மொத்த 4 மில்லிமீட்டரில் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து பதிந்துவிடும். தட்டச்சுக்கு நீலம்தான் சுகம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் எங்கள் லைன் வீட்டுச் சுவருக்கு அப்பால் இரவுப் பணி முடித்து வருகிறவர்கள் உறங்குகிறார்கள். அண்டை வீட்டாரின் உரிமையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சிவப்பைத் தேர்ந்தோம். ஆறு நாணயங்கள் வைத்ததும் எழுத்து விழுந்தது. வேறு நான்கு விசைகளில் பார்த்தோம், அவற்றிலும் ஆறுதான். 26 எழுத்துகளும் குறையாமல் வந்தன. விலை 2,400 ரூபாய். மார்க்கெட் அருகிலுள்ள ஜாமியா மஸ்ஜிதில் அஸர் தொழுதுவிட்டு ஊர் திரும்பினோம்.

அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அடியில் போய் மோதும்போது சிவப்பிலும் ஓசை உண்டு. இரவில் கீழே ஒரு துணியை விரிக்கிறோம். பலகை உயரமாக இருப்பதால் முதல் வாரம் மணிக்கட்டு வலித்தது. மிக இலகுவான விசை என்பதால் விரல் பட்டாலே எழுத்து விழுந்துவிடும். தமிழ்99 முறையில் தட்டச்சு செய்யும்போது, இடக்கையின் உயிரெழுத்து விசைகளில் விரல்களை ஊன்றிப் பழகியவருக்கு, கேட்காத 'அ' ஒன்று அவ்வப்போது வந்து உட்கார்ந்தது. பழக ஒரு மாதம் ஆயிற்று.

அந்த ஒரு மாதம் முடிந்த பிறகே பழைய மதிப்புரையைத் திருத்த மகனை அனுமதித்தோம். கோபத்தில் ஒரு நட்சத்திரம் இடுவதும் இன்னொரு பொய் என்று அவனே சொன்னான். அவன் எழுதியது இது:

'முன்பு 150 ரூபாய் பெற்றுக்கொண்டு ஐந்து நட்சத்திரம் இட்டேன். அது தவறு. இது மெக்கானிக்கல் அல்ல, ரப்பர் குமிழ் பலகை. விளக்குகள் நன்றாக உள்ளன, கம்பி உறுதியானது. இரண்டு மாதத்தில் சில விசைகள் தளர்ந்தன. பல விசைகளை ஒன்றாக அழுத்தினால் சில பதிவதில்லை. எண்களை அடிக்கும் வேலைக்கு வாங்க வேண்டாம். இரண்டு நட்சத்திரம்.'

விற்பவரின் நல்ல பக்கத்தையும் அதில் சேர்த்திருந்ததைப் படித்தபோது எங்களுக்குக் கண் கலங்கியது. அதோடு எங்களுக்கே ஓர் உறுத்தலும் வந்தது. 'கேமிங்' என்ற ஒரு சொல்லை வைத்து அவன் ஆசையை அன்று எடை போட்டோமே, அதுவும் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் சொன்ன தீர்ப்புதானே? அளவில் குறைப்போரைப் பற்றி 'அல்முதஃப்பிஃபீன்' என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பிறரிடம் வாங்கும்போது நிறைவாகவும், கொடுக்கும்போது குறைத்தும் அளக்கும் பழக்கம் பெற்றோரிடமும் உண்டு. பிள்ளையிடம் முழு நேர்மையைக் கேட்கிறோம். அவன் சொல்ல வருவதைப் பாதிதான் கேட்கிறோம்.

இப்போது இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் அவன் விளையாடுகிறான். சில நாள்களில் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நிபந்தனையை அவன் மீறும் நாளும் உண்டு. அன்று பலகை அலமாரிக்குப் போய்விடும்.

உங்கள் வீட்டுக்கு வரும் பெட்டியிலும் இப்படியொரு சீட்டு இருந்தால், அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். அடுத்த வீட்டுக்காரர் கேட்டால், எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு நல்லதையும் கெட்டதையும் சொல்லுங்கள்.

நாவாலும் விரலாலும் நாம் சொல்லும் சாட்சியங்கள் அனைத்தையும் உண்மையாக்கி, நம் பிள்ளைகளை நேர்மையாளர்களாக வளர்க்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.